தடையைவிடத் தள்ளுபடி நல்லது

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கு அரசு தரும் உணவு உதவிக்கு ‘ஸ்னாப்’ என்று பெயர். பழைய ஃபுட் ஸ்டாம்ப்தான்; 2008இல் பெயர் மாறியது. மாதாமாதம் ஓர் அட்டையில் பணம் ஏறும். 4 கோடிப் பேர் அதை வைத்து மளிகை வாங்குகிறார்கள். தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 டாலர்.

அந்த அட்டையில் கூல்டிரிங்ஸும் எனர்ஜி டிரிங்க்ஸும் வாங்கக் கூடாது என்று தடை போட, 2025 மே மாதம் நெப்ராஸ்கா முதல் மாநிலமாக அனுமதி பெற்றது. 2026 ஜனவரி 1 முதல் தடை. வேறு மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2010இல் நியூயார்க் மேயர் புளூம்பெர்க்கும் இதைத்தான் கேட்டார். ஸ்னாப்பை நடத்தும் மத்திய வேளாண் துறை மறு ஆண்டே மறுத்துவிட்டது.

சர்க்கரைத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வரிப்பணத்தில் நோயை வாங்கிக் கொடுப்பானேன் என்று கேட்பவர்களின் கவலையும் நியாயமானதுதான். ஆனால் வேளாண் துறையே 2016இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஸ்னாப் குடும்பங்களின் மளிகைச் செலவில் குளிர்பானத்துக்குப் போவது 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மற்ற குடும்பங்களில் 4 சதவீதம். ஊரே குடிக்கிறது, ஏழையை மட்டும் கல்லாவில் நிறுத்திக் கூடையைக் கிளறுவது எனக்குப் பொறுக்கவில்லை. பெரும்பாலோர் கைக்காசும் போட்டுத்தான் மளிகை வாங்குகிறார்கள். அட்டையில் வாங்க முடியாத பாட்டிலைக் கைக்காசில் வாங்கிவிட்டால், தடையால் யாருக்கு என்ன லாபம்?

மாசசூசெட்ஸில் ஹாம்டன் கவுண்டி என்று ஓரிடம். அங்கே 2011, 2012இல் ஒரு சோதனை நடத்தினார்கள். காய்கறி, பழத்துக்கு ஒரு டாலர் செலவழித்தால் 30 சென்ட் அட்டைக்கே திரும்பி வரும். யாரும் யாரையும் தடுக்கவில்லை. இந்தச் சலுகை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடக் கால்பங்கு அதிகமாகக் காயும் பழமும் சாப்பிட்டார்கள்! விலை குறைந்தால் வாங்குவார்கள் ஐயா. ஏழைக்குத் தன் பிள்ளை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று தெரியாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அட்டையில் பொதுவாகச் சூடான உணவு வாங்க முடியாது. அடுப்பிலிருந்து இறக்கிய சுட்ட கோழி கிடையாது. அதுவே ஆறிக் குளிர்பெட்டிக்குப் போய்விட்டால் வாங்கலாம். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பும் தாய்க்கு அந்தக் கோழி சத்தான சாப்பாடு இல்லையா? சத்துணவு என்று பேசுகிறவர்கள் முதலில் தொட வேண்டிய விதி இது.

தடைக்கு அனுமதி கேட்டு வாஷிங்டனுக்கு எழுதும் ஆளுநர்கள், அதே கடிதத்தில் அந்த 30 சென்ட்டையும் இந்தச் சூடான கோழியையும் கேட்டு எழுதட்டும்.