முனைவர் பட்டமும் ஏரியின் வரத்துக்கால்வாயும்

நேயர்களுக்கு வணக்கம். புவியியலிலோ சுற்றுச்சூழலியலிலோ முனைவர் பட்ட ஆய்வு செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதைத்தான். எந்த ஊரில் எதை அறிய விரும்புகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "பருவநிலை மாற்றம்" என்பார்கள். அது தலைப்பு, ஆய்வுக்கேள்வி அன்று.

ஓர் ஏரி ஏன் நிரம்புவதில்லை என்பது கேள்வி. தமிழகத்தில் ஏரி, கண்மாய், ஏந்தல் என்று ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஆகவே கேள்விக்குப் பஞ்சமில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்துவரும் படங்கள் 2008இல் இலவசமாக்கப்பட்டதால், நீர்ப்பரப்பு ஆண்டுதோறும் எவ்வளவு சுருங்கியது என்பதை மேசையில் அமர்ந்தபடியே அளந்துவிடலாம். ஆனால் 1982க்குப் பிந்தைய படங்களிலும்கூட ஒரு கட்டம், தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது; அதற்கு முந்தையவற்றில் இன்னும் பெரியது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் மூன்று மீட்டர் அகல வரத்துக்கால்வாய் அதற்குள் அடையாளமின்றிக் கரைந்துவிடும். ஏரிக்குள் தெரியும் பசுமை பயிரா, சீமைக்கருவேலமா என்பதையும் போய்ப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

என் மாணவர் ஒருவர் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி ஒன்றை ஆராய்ந்தார். வடகிழக்குப் பருவமழையின் அளவு பெரிதாகக் குறையவில்லை, நீர்ப்பரப்போ பாதியாகிவிட்டிருந்தது. மழைக் கணக்கைப் பல விதமாகக் கூட்டிப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. அவ்வூரில் முன்பு ஏரி நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர், "வானத்தையே பாத்துக்கினு இருந்தா எப்படி தம்பி? ரோட்டாண்ட வா" என்று அழைத்துப் போனார். சாலையை அகலப்படுத்தியபோது கால்வாயின் குறுக்கே பதித்த குழாய், கால்வாயின் தரைமட்டத்தைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. அந்த ஒரு முழத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால்தான் ஏரிக்குப் போகும். சிறுமழைத் தண்ணீர் முழுவதும் மேற்புறத்திலேயே தேங்கி வற்றியது. மாணவர் அளவுநாடாவை வைத்தபோது பெரியவர் முழங்கையை மடக்கி வைத்துக் காட்டினாராம்; இரண்டு அளவும் ஏறக்குறைய ஒத்துவந்தன.

அதனால்தான் கால்வாயை நடந்து பாருங்கள் என்று சலிக்காமல் சொல்கிறேன். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். அதை நடந்தால்தான் அங்கே எத்தனை மதகு, எத்தனை அடைப்பு, எத்தனை வழக்கு என்பது தெரியவரும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டையும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் கையோடு ஒப்பிட வேண்டும். ஏரி நீர் பாயும் நிலமான ஆயக்கட்டில், முதலில் நீர் பெறும் தலைமடைக்காரரும் கடைசியில் பெறும் கடைமடைக்காரரும் ஒரே ஏரியைப் பற்றி வெவ்வேறு கதை சொல்வார்கள், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சரி, மீண்டும் சொல்கிறேன், முதலில் நடந்து பாருங்கள், மென்பொருள் பிறகு.

விதிமுறைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வுக்காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு ஆண்டுகள்; நீட்டிப்புக்கும் இடமுண்டு. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்குமுன் ஷோத்கங்கா இணையதளத்தில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் இரண்டையேனும் படியுங்கள். களப்பணி அத்தியாயம் எத்தனை பக்கம் என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.