நூறு ரூபாய்க்குப் போடுப்பா

நடுவர் அவர்களுக்கும், பனியில் தலைக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். ‘கட்டாய ஆப் வாடிக்கையாளருக்கு வசதியா, வம்பா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வம்புதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய தங்கை நன்றாகப் பேசினார். வரிசை ஒழிந்தது, சில்லறைச் சண்டை ஒழிந்தது, காகிதம் மிச்சம் என்று அடுக்கினார். ‘பாட்டி யூடியூப் பார்க்கிறாரே, ஆப் கற்றுக்கொள்ள மாட்டாரா?’ என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். எல்லாம் சரி நடுவர் அவர்களே, நானும் ஆப்பில் டிக்கெட் போட்டுத்தான் இந்த ஊருக்கே பஸ் ஏறினேன். ஆனால் தலைப்பில் ‘கட்டாய’ என்று ஒரு நாலெழுத்து இருக்கிறது. தங்கை அதை மட்டும் தொடவே இல்லை. நான் அதை மட்டும்தான் தொடப்போகிறேன்.

போன மாதம் மைத்துனரின் மின்சாரக் காரில் மதுரையிலிருந்து சென்னைக்குப் போனோம். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் வரும்போது ராத்திரி பதினொரு மணி. பேட்டரியில் 14 சதவீதம். ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜர் நிற்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, வயர் நம் வண்டிக்குப் பொருந்துகிறது, பாக்கெட்டில் பணம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆப் வேண்டும்.

மெஷினில் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பெயரைத் தேடி ஆப்பை இறக்கினால், போனில் இடமில்லை என்றது. பேத்தி ஆடிய டான்ஸ் வீடியோ இரண்டை அழித்தேன். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அடுத்து ஓடிபி வரவேண்டும், அதற்கு டவர் வேண்டும். ரோட்டோரம் போய்ப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். லிஃப்ட் கேட்கிறேன் என்று நினைத்து லாரிக்காரர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்!

ஒருவழியாக ஓடிபி வந்தது. நீ நிற்கிற இடத்தைக் காட்டு என்றது, காட்டினேன். வாலட்டில் 500 ரூபாய் போட்டால்தான் ஆச்சு என்றது, போட்டேன். அப்புறம்தான் சொல்கிறது, சர்வர் தொடர்பில் இல்லையாம்.

வாட்ச்மேன் வந்தார். “பக்கத்து மெஷின்ல போடுங்க சார். ஆனா அதுக்கு வேற ஆப்பு” என்றார். ஆப் என்று சொல்லவில்லை நடுவர் அவர்களே, ஆப்பு என்றார். அந்த மனிதர் கையில் இருந்தது பட்டன் போன். ராத்திரி முழுக்க அந்த மெஷினுக்குக் காவல் இருக்கிறார், அதை ஒரே ஒரு தடவை ஆன் பண்ண அவரால் முடியாது.

எதிரே பெட்ரோல் பங்க். எக்ஸ்எல் வண்டியில் ஒரு பெரியவர் வந்தார். “நூறு ரூபாய்க்குப் போடுப்பா.” “ஜீரோ பாத்துக்கங்க ஐயா.” அவ்வளவுதான், போய்விட்டார். அவர் பேர் என்ன, போன் நம்பர் என்ன, எதுவும் பங்குக்குத் தெரியாது. தெரியாமல் போனதால் பெட்ரோல் என்ன இறங்காமலா போய்விட்டது?

தங்கை யோசிக்க வேண்டிய இடம் இதுதான். டோக்கன், சாவி, சீட்டு, சில்லறைக் காசு எல்லாம் இத்தனை காலம் நமக்குக் கதவைத் திறந்தன. யாருடைய கையில் இருக்கிறது என்று அவை கேட்டதே இல்லை. ஆப் முதலில் ஆளைக் கேட்கிறது. நம்பர் கொடு, இடம் காட்டு, முன்பணம் கட்டு, அப்புறம் உனக்குச் சேவை. பில் போடுவதற்கு போன் நம்பர் கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. சோப்பு வாங்குவதற்கே இந்தப் பாடு.

வேறு வழி கிடையாதா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13 முதல், புதிதாக வைக்கிற, 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட பொது சார்ஜர்கள் வங்கி அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அட்டையைக் காட்டு, சார்ஜ் போடு, கிளம்பு.

அவ்வளவு தூரம் போவானேன்? மிஸ்டு கால் என்று ஒன்று நம் ஊரில் இருக்கிறது. காசு செலவாகாமல் சேதி சொல்ல நம் ஜனங்களே கண்டுபிடித்துக்கொண்ட வழி. 2021 ஜனவரியில் இந்தியன் ஆயில் நிறுவனம் அதையே இண்டேன் காஸ் சிலிண்டர் பதிவு செய்கிற வழியாக நாடு முழுக்கக் கொண்டுவந்தது. ரிங் போகும், வைத்துவிடலாம், சிலிண்டர் பதிவாகிவிடும். அதேபோல 2016-ல் வந்த யூபிஐ ஸ்மார்ட்போன்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாதென்று, பட்டன் போனுக்காக யூபிஐ 123பே என்ற ஏற்பாட்டை 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்தது. இத்தனை பெரிய தேசத்துக்கு முடிகிறது. ஆப் இல்லாமல் சேவை தர ஒரு சலவைக் கடைக்கும் ஒரு கார் பார்க்கிங்குக்கும் முடியாதாம்!

காகிதம் மிச்சம் என்றார் தங்கை. ரயன்ஏர் விமான நிறுவனமும் அதைச் சொல்லித்தான் 2025 நவம்பர் 12 முதல் காகித போர்டிங் பாஸை நிறுத்தியது, எல்லாம் போனில்தான் என்று. சரி, போனில் சார்ஜ் இறங்கிவிட்டால்? முன்கூட்டியே ஆன்லைனில் செக்-இன் செய்தவர் என்றால் விமான நிலையத்திலேயே இலவசமாக பாஸ் தருவோம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆக, அவசரத்துக்குக் கைகொடுக்கப் பழைய கவுன்டர்தான் வரவேண்டியிருக்கிறது.

இனி, பாட்டி கற்றுக்கொள்ள மாட்டாரா என்ற கேள்வி. பாட்டி கற்றுக்கொள்வார் தங்கச்சி. கற்றுக்கொண்டாலும் முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த ஒரு பெண் வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். ஆளை உறுதிசெய்ய, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். அவரால் சிமிட்ட முடியாது. நேரில் வந்து நிற்கிறார், பேசுகிறார், உயிரோடு இருக்கிறார். சிமிட்டினால்தான் உயிரோடு இருப்பதாக அர்த்தமாம்.

அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவை எல்லோருக்கும் எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொல்லி, சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 கட்டளைகள் போட்டது. அந்த அமர்வில் இருந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஆர். மகாதேவன். தீர்ப்பு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு கணக்கு தொடங்க ஒரு பெண் டெல்லி வரைக்கும் படியேற வேண்டுமா? இந்த வழியில் வரமுடியாதவர் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம் என்று முதல் நாளே ஒரு வரி எழுதி வைத்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

நடுவர் மணியின்மேல் கை வைத்துவிட்டார். அந்த மணிக்கு இன்னும் ஆப் வரவில்லை, அதனால் கட்டாயம் அடித்துவிடும். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அண்ணனுக்கு ஒரே ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறேன். விக்கிரவாண்டியில் நான் போட்ட அந்த 500 ரூபாய் இன்னும் முதல் ஆப்பில்தான் கிடக்கிறது. திரும்ப வாங்க ‘உதவி’ என்ற பொத்தானை அழுத்தினால், ஆப்பைப் புதுப்பித்துவிட்டு வா என்கிறது. புதுப்பிக்க என் போனில் இடமில்லை. அண்ணன் ஆப் பக்கம் பேசுகிறவர், போனும் பெரிதாக வைத்திருக்கிறார். அந்தப் பணத்தை மட்டும் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் பேச்சை ஆரம்பிக்கட்டும். நன்றி, வணக்கம்.