இருபது சீட்டு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஏலக்காட்டுல காய் எடுத்துக்கிட்டே போன்ல ரேடியோ ஓடவிட்டு கேக்குற அக்காமாரு, ஸ்டோர்ல காய் உலத்துறவங்க, கம்பமெட்டு ரோட்டுல ஜீப்பு ஓட்டுறவங்க எல்லாருக்கும் சேத்துதான். நான் பொறந்தது கம்பம், கல்யாணம் பண்ணி வந்தது கேரளாவுல வண்டன்மேட்டு பக்கம், அதனால என் தமிழ்ல நடுநடுவுல மலையாளம் ஒட்டிக்கிட்டு வரும், பொறுத்துக்கோங்க. சயின்ஸ் பிக்‌ஷன் கதை, அதுலயும் ஒரு தைரியமான சின்னப் பொண்ணு ஹீரோயினா வர்ற மாதிரி ஒண்ணப் பத்திப் பேசுங்கன்னு ரேடியோக்காரங்க கூப்புட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல, ஹங்கர் கேம்ஸ்னுட்டேன். சூசன் காலின்ஸ்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் எழுதுனது, 2008ல வந்துச்சு, 2012ல படமாவும் வந்துச்சு. படம் பாத்தவங்க நெறைய பேரு இருப்பீங்க, ஆனா படத்துல அம்புதான் பெருசா தெரியும். நான் பேச வந்தது அம்பப் பத்தி இல்லங்க, கணக்கப் பத்தி.

கதை சுருக்கமா சொல்லிடுறேன். வட அமெரிக்கா அழிஞ்சுபோய் அந்த எடத்துல பானெம்னு ஒரு நாடு. நடுவுல பளபளன்னு கேப்பிட்டல்னு ஒரு நகரம், அதச் சுத்தி 12 மாவட்டம், எல்லா மாவட்டமும் பாடுபட்டு கேப்பிட்டலுக்கு அனுப்பணும். எப்பவோ ஒரு காலத்துல எதுத்து சண்ட போட்டாங்க, தோத்தாங்க, அதுக்கு தண்டனையா வருசா வருசம் ஒவ்வொரு மாவட்டத்துலருந்தும் 12 வயசுலருந்து 18 வயசுக்குள்ள ஒரு பையன் ஒரு பொண்ணுன்னு குலுக்கல்ல எடுத்து, மொத்தம் 24 புள்ளைங்கள ஒரு எடத்துல அடைச்சு, ஒருத்தர் மிஞ்சுற வரைக்கும் ஒருத்தர ஒருத்தர் கொல்ல விடுறது. அத டிவில லைவா காட்டுறது, எல்லாரும் பாத்தே ஆகணும். ராத்திரி டிவில சேனல் மாத்திக்கிட்டே இருந்தப்ப ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் ஈராக் சண்டை, ரெண்டும் மனசுல கலந்துபோய்தான் இந்தக் கதை வந்துச்சுன்னு அந்த அம்மாவே சொல்லியிருக்காங்க.

ஹீரோயின் பேரு காட்னிஸ், வயசு 16. இருக்குறது 12ஆவது மாவட்டம், நிலக்கரிச் சுரங்கம். இவளுக்கு 11 வயசுல அப்பா சுரங்கத்துல வெடிப்புல போயிட்டாரு, அம்மா அப்படியே ஒடுங்கி பேச்சு மூச்சு இல்லாம உக்காந்துட்டாங்க, வீட்டுல ஒரு சின்னத் தங்கச்சி. இப்பதான் கணக்கு ஆரம்பிக்குது. 12 வயசுல குலுக்கல் டப்பாவுல உன் பேரு ஒரு சீட்டு விழும், 13ல ரெண்டு, இப்படி வருசத்துக்கு ஒண்ணு கூடும். ஆனா பசிக்குது, தானியம் வேணும்னா கூட ஒரு சீட்டு எழுதிக் குடு, ஒரு ஆளுக்கு ஒரு வருசத்துக்கு கொஞ்சம் தானியமும் எண்ணெயும் தர்றோம்னு அரசாங்கம் சொல்லும். வீட்டுல எத்தன தலையோ அத்தன சீட்டு எழுதிக் குடுக்கலாம்.

நான் ஞாயித்துக்கெழம எங்க ஊரு வாயனசாலையில, அதான் படிப்பகத்துல, எஸ்டேட் லயத்துப் புள்ளைங்க கொஞ்சப் பேருக்கு கதை சொல்றது உண்டு, இங்கிலீஷ்ல படிச்சிட்டு வாயால தமிழ்ல சொல்லிடுவேன். இந்த எடத்துல நான் நிறுத்தி, சரி இவளுக்கு 16 வயசுல எத்தன சீட்டு இருக்கும் போடுங்க பாப்போம்னேன். எட்டாங்கிளாஸ் படிக்குற ஒருத்தி எந்திரிச்சு வந்து போர்டுல போட்டா, அவளுக்குன்னு ஒண்ணு, அம்மா தங்கச்சி அவ மூணு பேருக்கும் தானியத்துக்கு மூணு, ஆக வருசத்துக்கு நாலு, 12லருந்து 16 வரைக்கும் அஞ்சு வருசம், 20. புஸ்தகத்துலயும் 20தான். காட்னிஸோட கூட்டாளி கேல், 18 வயசு, வீட்டுல அஞ்சு பேரு, அவனுக்கு 42. அதையும் அவளே போட்டுட்டு திரும்பிப் பாத்து, "அப்ப பணக்கார வீட்டுப் புள்ளைக்கு ஏழுதானா அக்கா?"ன்னு கேட்டா. ஆமா, அவ்ளோதான். எல்லாரும் ஒரே டப்பா, எல்லாருக்கும் ஒரே சட்டம், ஆனா அரிசி இல்லாத வீட்டுச் சீட்டுதான் நெறைஞ்சு கெடக்கும். இதுல சயின்ஸ் எங்க இருக்குன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது, ரேஷன் கடை க்யூவுல நின்னவங்களுக்கு வெளங்கிரும்.

தங்கச்சி ப்ரிம் பேருல மட்டும் காட்னிஸ் தானியம் வாங்க விடவே மாட்டா. அதனால 12 வயசு தங்கச்சிக்கு டப்பாவுல ஒரே ஒரு சீட்டு. ஆயிரக்கணக்குல கெடக்குற சீட்டுல அந்த ஒண்ணுதான் கைக்கு வருது. அஞ்சு வருசமா ஒருத்தி வயித்தக் கட்டி வாயக் கட்டி போட்டு வச்ச கணக்கு ஒரு நிமிசத்துல போச்சு. அவ என்ன பண்ணுவா, நான் போறேன்னு கத்திட்டு முன்னாடி போறா. படத்துல இந்த எடத்துக்கு எல்லாரும் அழுதாங்க, எனக்கு அழுகையவிட கோவம்தான் வந்துச்சு.

வேட்டையும் இதே கணக்குதான். ஊரச் சுத்தி கரன்ட் வேலி, ஆனா கரன்ட் சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரந்தான் வருங்கறதால வேலி முக்கால்வாசி நேரம் செத்துக் கெடக்கும். இருந்தாலும் அவ போனவுடனே பூந்துற மாட்டா, நின்னு காது குடுத்து உம்முனு சத்தம் வருதான்னு கேட்டுட்டுத்தான் அடியில தளர்ந்து கெடக்குற எடத்துல படுத்து ஊர்ந்து போவா. நம்ம பக்கம் ஆனைக்கும் காட்டுப்பன்னிக்கும் போட்ட சோலார் வேலிய தாண்டித் தாண்டி வேலைக்குப் போறவங்களுக்கு அந்த நின்னு கேக்குற ஒரு நிமிசம் எப்படி இருக்கும்னு நான் சொல்லவே வேணாம். அணிலு அடிச்சா பேக்கரிக்காரருக்கு, ஸ்ட்ராபெர்ரி பறிச்சா மேயர் வீட்டுக்கு, எது எங்க விக்கும்னு எல்லாம் தெரிஞ்சு வச்சிருப்பா. வீரமான பொண்ணுன்னா சும்மா பாய்ஞ்சு பாய்ஞ்சு சண்ட போடுறவன்னு நெனைச்சு நெறைய பேரு எழுதுறாய்ங்க, அது மாதிரி பொண்ண நான் எங்கயும் பாத்ததில்ல. காலையில இருட்டோட ஜீப்புல ஏறி மலைக்கு வந்து, நின்ன கால்ல வேலை செஞ்சு, சாயங்காலம் எறங்குறப்பவே நாளைக்கு எண்ணெய் இருக்கான்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு போற பொண்ணுங்களத்தான் பாத்திருக்கேன். எங்கம்மாவும் அப்படித்தான்.

நம்ம தமிழ்லயும் சயின்ஸ் பிக்‌ஷன்ல பொண்ணு இல்லாம இல்ல. சுஜாதா ஆனந்த விகடன்ல தொடரா எழுதுன என் இனிய இயந்திரா, அதுல நிலா வருவா. ஆனா உண்மைய சொல்லணும்னா அதுல மனசுல நிக்குறது ஜீனோங்கற அந்த இயந்திர நாய்தான், யோசிக்குற வேலையெல்லாம் அதுதான் பண்ணும். இங்க அப்படி ஒரு நாயும் இல்ல, அவளேதான் யோசிக்கணும்.

அந்தப் போட்டிக்குள்ள போன பெறகு ஒரு எடம் சொல்றேன். இவ மரத்து மேல இருக்கா, கீழ ஒரு கும்பல் இவ எறங்குனா கொல்லலாம்னு படுத்துக் கெடக்கு. பக்கத்து மரத்துலருந்து ரூ-னு ஒரு 12 வயசுக் குட்டி சத்தமே போடாம கைய நீட்டி மேல காட்டுது. மேல பாத்தா கூடு. சாதாரணக் கூடு இல்ல, லேபுல மாத்தி உண்டாக்குன குளவி, கொட்டுனா புத்தி பேதலிச்சுப் போகும். ராத்திரி கேப்பிட்டல் பாட்டு ஓடுற சத்தத்துல கிளைய அறுக்க ஆரம்பிக்குறா, பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுறா, மிச்சத்த விடிகாலையில அறுத்து தள்ளி விடுறா. கீழ ஒரே அலறல். இவளயும் கொட்டுது. அப்பறம் ரூ ஒரு எலைய மென்னு அந்த கடி மேல வச்சு விடுது. நம்ம காட்டுல கதண்டு கொட்டி ஓடுன அக்காமாருக்கு இத சொன்னப்போ, எந்த எலை அதுன்னுதான் மொதல்ல கேட்டாங்க, கதைய யாரு கேட்டா.

ரூ வர்றது 11ஆவது மாவட்டத்துலருந்து, அங்க வெவசாயம், பழத்தோட்டம். வெளைவிக்கிற பண்டத்த எடுத்துத் தின்னா சாட்டையடி. மரத்து உச்சில இருக்குற சின்னப் புள்ள வேலை முடிஞ்சதுக்கான கொடி ஏறுறத மொதல்ல பாத்து ஒரு பாட்டு பாடும், அது மரத்துக்கு மரம் போயி எல்லாரும் வேலைய விட்டுட்டு எறங்குவாங்க. ரூ செத்த பெறகு 11ஆவது மாவட்டத்து சனங்க, அவங்களே பசியில கெடக்குறவங்க, சேத்து காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புறாங்க. ஒரு மாவட்டம் வேற மாவட்டத்துப் புள்ளைக்கு அனுப்புறது அதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல. 2011 டிசம்பர்ல முல்லைப் பெரியாறு தகராறுல குமுளி ரோடு மூடிக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்கா? எஸ்டேட்ட விட்டு சனம் மூட்ட முடிச்சோட எறங்குச்சு. ரெண்டு பக்கமும் மைக் புடிச்சவங்கள்ள ஒருத்தரும் காய் எடுக்கப் போறவங்க இல்ல. அந்த ரொட்டி வர்ற எடத்துல எனக்கு அதுதான் ஓடுச்சு.

குறையும் சொல்லணும்ல. அம்மாவ இந்தப் பொண்ணு ரொம்ப கடுமையாப் பாக்குறா, புருசன் போன அதிர்ச்சியில இருக்குற பொம்பளைக்கு கதை கொஞ்சங்கூட எடம் குடுக்கல. கடைசியில வர்ற ஓநாய் மாதிரி மிருகமெல்லாம் எனக்கு ஒட்டல. காதலும் இருக்கு, கேமராவுக்காக, பெரியவங்க கோச்சுக்காதீங்க, ஒரு முத்தம் குடுத்தா டிவி பாக்குறவங்க காசுல மேலருந்து பாராசூட்டுல ஒரு பானை சூப்பு வரும், அவ அதையும் கணக்கு போட்டுத்தான் குடுக்குறா. பாவம் பீட்டா, இவ மாவட்டத்துலருந்தே குலுக்கல்ல வந்த பையன், அவனுக்கு அது நெசம்.

முடிவச் சொல்லக் கூடாதுதான், ஆனா வந்து 15 வருசத்துக்கு மேல ஆச்சு, சொல்லிடுறேன். ஒரே மாவட்டம்னா ரெண்டு பேரு ஜெயிக்கலாம்னு நடுவுல சட்டத்த மாத்துனவங்க, கடைசியில இவளும் பீட்டாவும் மட்டும் மிஞ்சுனப்போ இல்ல, ஒருத்தர்தான்னு திரும்ப மாத்துறாங்க. இவ விஷப்பழத்த எடுத்து அவன் கையில பாதி, தன் கையில பாதி. ரெண்டு பேரும் செத்துட்டா அவங்களுக்கு ஜெயிச்சவங்க யாரும் இல்ல, டிவில காட்ட ஆளு இல்ல. வாயில போட்டதும் நிறுத்துங்க நிறுத்துங்கன்னு மேலருந்து கத்துறாங்க, உடனே துப்பிடுறாங்க.

எங்க வாயனசாலையில இங்க பெரிய சண்டையே வந்துச்சு. ஒருத்தி, அவ சாகத் துணிஞ்சுட்டான்னா. போர்டுல 42 போட்டவ விடல, இல்லவே இல்ல, அவங்களுக்கு ஒரு ஆளு வேணும்னு அவளுக்குத் தெரியும், அதான் அப்படிப் பண்ணுனாங்குறா. நிறுத்தாம விட்டிருந்தா என்னடி ஆகியிருக்கும்னு மத்தவ கேட்டா, அதுக்கு இவ பதில் சொல்றதுக்குள்ள ஜீப்பு ஹாரன் அடிச்சிட்டாங்க, எல்லாம் பையத் தூக்கிக்கிட்டு ஓடிருச்சுங்க. ரெண்டாவது பாகம் இருக்கு, மூணாவதும் இருக்கு, மழை கொஞ்சம் விடட்டும்னு வச்சிருக்கேன். கேட்டதுக்கு நன்றிங்க, வணக்கம்.