பரல் தெறித்த இடம்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, நம் திருகோணமலை டச்பே கடற்காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துப் புழுக்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் என் ஊர் மக்களே, வணக்கம்.

பாகிஸ்தானின் பெண் சட்டத்தரணி அஸ்மா ஜஹாங்கிர் 2018 பெப்ரவரி 11 அன்று லாகூரில் மறைந்தார். அவரைப் பெரிதும் போற்றவேண்டியது இறங்கிய தெருவுக்காகவா, வாதாடிய நீதிமன்றத்துக்காகவா? இதுதான் இன்றைய தலைப்பு. நீதிமன்றத்துக்காகவே என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய அக்கா 1983 பெப்ரவரி 12ஐ அப்படியே கண்முன் கொண்டுவந்தார். இரண்டு பெண்களின் சாட்சியம்தான் ஓர் ஆணின் சாட்சியத்துக்குச் சமம் என்ற சட்ட வரைவை எதிர்த்து லாகூர் மால் வீதியில் பெண்கள் இறங்கினார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை. அந்த நாளையே பாகிஸ்தான் இன்று தேசிய மகளிர் தினமாகக் கொண்டாடுகிறது. எல்லாம் உண்மை, அந்தப் பெண்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் அக்கா, அந்த ஊர்வலம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! லாகூர் மேல் நீதிமன்றத்துக்கு, நீதியரசரிடம் மனுக் கொடுக்க. தெருவே அங்கேதான் போனது.

கண்ணகி மதுரையை எரித்ததையும் சொன்னீர்கள். பாண்டியன் தீயிலா விழுந்தான்? சிலம்பை உடைத்தாள், முத்து இருக்கவேண்டிய இடத்தில் மாணிக்கப் பரல் தெறித்தது, அந்தச் சான்றைக் கண்டுதான் அரியணையிலிருந்து சரிந்தான். மதுரை எரிந்தது அதன் பிறகு. நம் கிழக்கில் ஒவ்வொரு வைகாசியிலும் குளிர்த்தி பாடி அம்மனை ஆற்றுகிறோமே, ஆற்றுவது அந்தத் தீயைத்தான். பரலுக்கு எந்தக் குளிர்த்தியும் வேண்டியதில்லை, அது இன்னும் சான்றாகவே கிடக்கிறது.

அஸ்மாவின் முதல் பரல் எது தெரியுமா? இருபது வயது நிரம்பாத பெண், சட்டம் படிக்கத் தொடங்கியிருக்கவும் இல்லை. இராணுவச் சட்டத்தின் கீழ் தந்தையைப் பிடித்து வைத்தபோது தன் பெயரில் மனுப் போட்டார். லாகூரில் தோற்றார். 1958இன் பழைய தீர்ப்பொன்று குறுக்கே நின்றது. நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம் போனார். 1972இல் அந்தப் பழைய தீர்ப்பே தவறு, ஜெனரல் யாகியா கான் ஆட்சியைப் பிடித்ததே சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. சட்ட மாணவர்கள் அதை இன்றும், அவருடைய பிறந்த வீட்டுப் பெயரோடு, 'அஸ்மா ஜிலானி வழக்கு' என்றே படிக்கிறார்கள். ஒரு பெண்ணின் சொல் அரைச் சொல் என்று 1984இல் பணக் கொடுக்கல் வாங்கல் சாட்சியத்துக்குச் சட்டம் எழுதினார்களே, அந்த நாட்டில்தான் ஒரு பெண்ணின் பெயரில் இப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது.

1995. பதினான்கு வயதுக் கிறிஸ்தவச் சிறுவன் சலாமத் மசீஹ். பள்ளிவாசல் சுவரில் மதநிந்தனை எழுதினான் என்று மரண தண்டனை. அந்தப் பிள்ளைக்கு எழுதப் படிக்கவே தெரியாது! அஸ்மா மேன்முறையீட்டில் வாதாடி அவனை விடுவித்தார். வெளியே கும்பல் அவருடைய காரை உடைத்தது. எதிரணியினரே, தெருவில் அந்தக் கும்பலும் இருந்தது என்பதை மறக்காதீர்கள்.

1997இல் சைமா வஹீத் வழக்கு. வயது வந்த ஒரு முஸ்லிம் பெண், 'வலி'யின், அதாவது தந்தை போன்ற ஆண் பாதுகாவலரின், சம்மதம் இல்லாமல் செய்த திருமணமும் செல்லும் என்று தீர்ப்பு. இந்த மண்டபத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு 'வலி' என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை.

நீதிமன்றம் பாதுகாப்பான இடம், குளிரூட்டி போட்ட அறை, அங்கே என்ன தியாகம் என்று எதிரணி கேட்டது. 1980இல் அஸ்மாவும் தங்கை ஹினா ஜிலானியும் தோழிகளும் சேர்ந்து பெண்களே நடத்தும் சட்ட அலுவலகம் ஒன்றைத் திறந்தார்கள். 1999 ஏப்ரலில், விவாகரத்துக் கேட்டு வந்திருந்த சாமியா சர்வாரை, குடும்பத்தாருடன் வந்த ஆள் ஒருவன் அந்த அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக்கொன்றான். ஹினாவின் கண்ணெதிரே. அதன் பிறகும் அந்தக் கதவை அவர்கள் மூடவில்லை.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் தாருங்கள்.

என் அம்மா தாபரிப்பு வழக்குக்காக நீதிமன்ற வாசலில் காத்துநின்ற காலத்தில் எனக்கு ஒன்பது வயது. அங்கே அம்மாவை எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லி, 'இன்னாருடைய மனுசி' என்றுதான் கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் சட்டத்தரணி மட்டும் அம்மாவின் முழுப்பெயரையும் சத்தமாகச் சொல்லி, "எனது கட்சிக்காரர்" என்றார். அம்மா நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எங்களுக்காக யாரும் ஊர்வலம் போகவில்லை. ஆனால் மாதாமாதம் நீதிமன்றத்தில் கட்டப்பட்ட அந்தக் காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் முதன்முதலாக ஏறிய பேச்சுமேடையும் இதே ஊரில்தான் இருந்தது.