டாக்டர் கிம்பிளை மறுபடி ஓடவிட்டது சரிதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களைப் பின்னாளில் படமாக எடுப்பது அவற்றை வாழவைக்கிறதா, சிதைக்கிறதா என்பது இன்றைய வழக்கு. வாழவைக்கிறது என்பது எங்கள் கட்சி. அதற்கு எனக்கு ஒரு சாட்சி போதும்: 'தி ஃபியூஜிடிவ்'.

எதிரணி நண்பர் அந்த அமெரிக்கத் தொடரின் அருமையைச் சொன்னார். அதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கப் போவதில்லை. மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, காவலிலிருந்து தப்பிய டாக்டர் ரிச்சர்ட் கிம்பிள், உண்மைக் கொலையாளியான ஒற்றைக்கை மனிதனைத் தேடி 1963 முதல் 1967 வரை, 120 அத்தியாயங்கள் ஓடினார். கிம்பிளாக நடித்த டேவிட் ஜான்சன் அந்தத் தவிப்பைக் கண்ணிலேயே காட்டினார். 1967 ஆகஸ்ட் 29 அன்று கடைசி அத்தியாயம் வந்தபோது, அந்நேரம் அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் 100க்கு 70க்கு மேல் அதைத்தான் காட்டின. "நாலு வருடத் தவிப்பை இரண்டு மணி நேரத்தில் அடக்கிவிட முடியுமா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்தத் தொடரின் உயிர் எங்கே இருந்தது? துரத்தலில் மட்டுமா? வாரம் ஒரு ஊர், ஒரு பொய்ப்பெயர், ஒரு கூலிவேலை. அங்கே யாரோ ஒருவர் ஆபத்தில் இருப்பார். கண்டுகொள்ளாமல் போனால் கிம்பிள் தப்பிவிடலாம். போகமாட்டார். அங்கேதான் ஐயா உயிர் இருந்தது!

இனி 1993இல் அதே பெயரில் ஹாரிசன் ஃபோர்டு நடித்து வந்த படத்துக்கு வாருங்கள். சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை. கிம்பிள் துப்புரவுப் பணியாளர் உடையில் நுழைந்திருக்கிறார். விபத்தில் அடிபட்டவர்கள் வந்து குவிகிறார்கள். ஒரு சிறுவனின் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். போகிற வழியில் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்க்கிறார். எங்கே வலிக்கிறது என்று பையனிடம் மெதுவாகக் கேட்கிறார். லிஃப்டுக்குள் மருத்துவக் குறிப்பை மாற்றி எழுதி, நேரே அறுவை சிகிச்சை அறைக்குக் கொண்டுபோய்விடுகிறார். பையன் பிழைக்கிறான். பணியாளருக்கு எக்ஸ்ரேயில் என்ன வேலை என்று ஒரு டாக்டரம்மா பிடித்துக்கொள்கிறார். சில நிமிடக் காட்சிதான். 120 அத்தியாயங்களின் சாரமும் அதில் இருக்கிறது. அடக்க முடியுமா என்றால், இதோ அடக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. தொடரில் அந்த ஒற்றைக்கை மனிதன் வெறும் திருடன். படமோ அவனை அனுப்பியது யார் என்று கேட்டது. ஒரு மருந்து நிறுவனத்தின் பொய்யான சோதனை முடிவுகள், அவற்றை மறைக்கத் துணிந்த நண்பன் என்று விசாரணை மேலே மேலே போனது. மூலத்தில் கேட்காத கேள்வியைக் கேட்பது சிதைப்பதா? தொடரை உருவாக்கிய ராய் ஹக்கின்ஸின் பெயரே அந்தப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக இருக்கிறது. கிம்பிளைத் துரத்தும் சட்ட அதிகாரி ஜெரார்டாக நடித்த டாமி லீ ஜோன்ஸ் ஆஸ்கர் வாங்கினார்.

2004இல் 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' என்ற போலீஸ் தொடரை நகைச்சுவைப் படமாக மாற்றியதை எதிரணி எடுத்துக்காட்டியது. எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனால் அது எடுத்தவர்கள் தேர்ந்த வழியின் குறை. படம் என்ற வடிவத்தின் மீது அந்தப் பழியைப் போடக்கூடாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். தொடரைத் தொடராகவே திரும்ப எடுக்கலாமே என்றார் நண்பர். எடுத்தார்கள். 2000இல் சிபிஎஸ் தொலைக்காட்சி, அதே கிம்பிள், அதே ஒற்றைக்கை மனிதன், வாரா வாரம் ஓட்டம். ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டார்கள், கதையை முடிக்காமலே! கிம்பிள் நிரபராதி என்று நிரூபிக்கப்படுவதை அந்தத் தொடரின் ரசிகர்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை. 1993இல் திரையரங்குக்குப் போனவர்கள் பார்த்தார்கள். இந்த இரண்டையும் தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.