எவரையும் தாண்டிச் செல்லாத வகுப்பறை

(கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அமர்வொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருட்தந்தையர்களே, அருட்சகோதரிகளே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கனிவு, அனைவரையும் அரவணைத்தல், மாணவரின் கல்விச் சாதனை என்று மூன்று சொற்களை அடுக்கி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் இம்மூன்றும் மூன்று பேருடைய வேலையாகப் பிரிந்து கிடக்கின்றன. கனிவு நன்னெறி வகுப்புக்கு உரியது, அரவணைப்பு சிறப்பாசிரியருக்கு உரியது, சாதனை பாட ஆசிரியருக்கு உரியது என்று நாமே ஒரு பங்கீடு செய்து வைத்திருக்கிறோம். இவை மூன்றும் ஒரே வேலைதான் என்பதையும், ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் கைநழுவிப் போகும் என்பதையும் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது என் தவறு ஒன்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த மூன்றாம் ஆண்டு. ஏழாம் வகுப்பு மாணவர்கள் வரிசைப்படி எழுந்து ஆளுக்கொரு பத்தி உரக்க வாசிப்பது வழக்கம். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்திருந்த சிறுவனுக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. முதல் நாள் அவன் முறை வந்தது. எழுந்து நின்றவன் முதற்சொல்லின் முதலெழுத்தைத் தாண்ட முடியாமல் தவித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, புத்தகத்தின் விளிம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் வெளுத்துப் போயிற்று. பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களைக் கண்டித்துவிட்டு, "பரவாயில்லை, நீ உட்காரப்பா" என்றேன். மறுநாளிலிருந்து அவன் முறை வரும்போதெல்லாம் அவனைத் தாண்டி அடுத்தவன் பெயரை அழைத்தேன். ஆண்டு முழுவதும் அப்படியே செய்தேன். அவனை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று மனமார நம்பினேன்.

ஆண்டின் கடைசி நாளில் அவன் நான்காக மடித்த தாளொன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். "டீச்சர், நான் தினமும் வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் முறை வரவே இல்லை" என்று அதில் எழுதியிருந்தது.

அந்த இரண்டு வரிகளை நான் இன்றுவரை கடக்கவில்லை. நான் கனிவு என்று எண்ணியது, ஒரு குழந்தையிடம் "உன்னிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை" என்று நாள்தோறும் சொன்னதற்குச் சமம். சிரித்த இருவரைவிட அதிகமாக அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் நான்தான்.

அடுத்த ஆண்டு அதே மாணவர்கள் எட்டாம் வகுப்பில் எனக்கே வந்தார்கள். திக்கல் உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்னொருவருடன் சேர்ந்து ஒரே குரலாக வாசிக்கும்போது திக்குவதில்லை என்பதை அதற்குள் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவனுக்கென்று தனி ஏற்பாடு செய்யாமல், வகுப்பு முழுவதற்கும் இருவர் இருவராக எழுந்து வாசிக்கும் முறையைக் கொண்டுவந்தேன். எந்தப் பத்தி என்பது முந்தைய நாளே அனைவருக்கும் தெரியும். ஒருவர் தடுமாறினால் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது. இப்படிக் காத்திருக்க வகுப்பைப் பழக்குவதற்கு எனக்கு ஆறு வாரம் பிடித்தது. ஒருநாள் வாசிப்பின் நடுவே அவன் தன் துணைவனின் கையைத் தொட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, மீதிப் பத்தியைத் தனியாக வாசித்தான். இரண்டு இடங்களில் தடைபட்டான். வகுப்பு காத்திருந்தது. அந்த ஆண்டு வாசிப்பில் தெளிவடைந்தவன் அவன் மட்டும் அல்லன். முந்தைய நாளே ஆயத்தம் செய்யும் பழக்கம் மற்றவர்களுக்கும் கைகொடுத்திருந்தது.

இது நான் கண்டுபிடித்த புது வழி அன்று. கத்தோலிக்கக் கல்வி மரபின் சிறந்த பக்கங்களைப் புரட்டினால் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். அக்காலத்தில் எழுத்தறிவு இலத்தீனில்தான் தொடங்கும். ஏழை வீட்டுப் பிள்ளைகளோ சில ஆண்டுகளிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். இலத்தீன் எழுத்துக்கூட்டலோடு அவர்களுடைய படிப்பு முடிந்துவிடும், தாய்மொழியில் ஒரு கடிதம்கூட வாசிக்க வராது. தெ லசால் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகள் பேசும் பிரெஞ்சிலேயே வாசிப்பைத் தொடங்கினார். ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்துக் கற்பிக்கும் வழக்கத்துக்கு மாறாக, பலரை ஒரே வகுப்பாக அமர்த்திப் பாடம் நடத்தும் முறையைத் தம் சகோதரர்களிடம் நிலைநிறுத்தினார். கட்டணம் கிடையாது. வசதியுள்ளவன் வந்தாலும் அதே பெஞ்சுதான். தங்களுக்கு வரவேண்டிய கட்டண மாணவர்களை அவர் இழுத்துக்கொள்கிறார் என்று பாரிஸில் கட்டணம் வாங்கி எழுதக் கற்பித்த ஆசிரியர்களின் சங்கத்தினர் வழக்குத் தொடுத்தார்கள். ஏழைகளைத் தனியே பிரித்து முத்திரை குத்த அவர் இணங்கவில்லை. 1950இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது. அவருடைய கனிவு பாடத்திட்டத்தில் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏழைப் பிள்ளையைத் தட்டிக்கொடுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அந்தப் பிள்ளை எதை, எந்த வரிசையில் கற்றால் வாழ்க்கைக்கு உதவும் என்று கணக்கிட்டார்.

அடுத்த நூற்றாண்டில் அதே பாரிஸில் சார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற குருவானவர் காதுகேளாத சகோதரிகள் இருவரைச் சந்திக்கிறார். காதுகேளாதோருக்குக் கல்வி எட்டாது என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. தெ லெப்பே அவர்களுக்குக் கற்பிக்க முன்வந்தார். அதைவிட முக்கியமாக, காதுகேளாதோர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளை அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டு, அவற்றைக் கற்பித்தலின் அடிப்படையாக்கினார். ஆசிரியர் மாணவராகிய அந்தக் கணத்தில் ஒரு கல்விமுறை பிறந்தது.

அவரை நினைக்கும்போதெல்லாம், நம் வகுப்பறைகளில் அன்றாடம் நடக்கும் ஒரு சிறு காட்சி என் கண்முன் வருகிறது. செவித்திறன் குறைந்த மாணவி ஒருத்தி, கருவி அணிந்திருந்தாலும், ஆசிரியரின் உதட்டசைவையும் சேர்த்துப் பார்த்துத்தான் பாடத்தைப் பின்தொடர்கிறாள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுகிறார். அவளுக்குப் பாதி வாக்கியம் மறைந்துபோகிறது. அவர் திரும்பி, "புரிந்ததா?" என்று கேட்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள், அவளும் ஆட்டுகிறாள். தேர்வில் அவள் பெறும் குறைந்த மதிப்பெண்ணுக்கு "கவனக்குறைவு" என்று நாம் காரணம் எழுதுகிறோம். எழுதும்போது பேச்சை நிறுத்திவிட்டு, திரும்பி நின்று பேசுவதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

அச்சத்துக்கும் படிப்புக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கண்டிப்பு இல்லாவிட்டால் மதிப்பெண் வராது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. ஒரு கணக்கைப் போடும்போது இடைப்பட்ட எண்களை நினைவில் ஏந்திக்கொண்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். அப்படி ஏந்தி வைக்கும் செயல்நினைவின் கொள்ளளவு எல்லாருக்குமே சிறியது. "தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ, அடுத்து என்னைத்தான் எழுப்புவாரோ" என்ற பதற்றமும் அதே சிறிய இடத்தில்தான் வந்து உட்கார்கிறது. எனவே பயந்த குழந்தை, தனக்குத் தெரிந்ததையே செய்ய முடியாமல் நிற்கிறது. கேலி நடக்காத வகுப்பை உருவாக்குவது கணக்குப் பாடத்துக்கு வெளியே உள்ள வேலை என்று எந்தக் கணக்கு ஆசிரியரும் ஒதுங்கிவிட முடியாது.

கேலியும் கொடுமைப்படுத்தலும் பற்றி ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து காட்டிவரும் ஒரு செய்தி இருக்கிறது. கொடுமை செய்பவன், படுபவன் என்ற இருவரோடு அது முடிவதில்லை. சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கிப் பார்ப்பவர், தடுக்க முன்வருபவர் என்று வகுப்பே அதில் பங்கேற்கிறது. ஆகவே, செய்தவனைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பதோடு நம் கடமை தீர்வதில்லை. பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரிடமும் பேச வேண்டும். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போனவர்களைப் பற்றிய, இயேசுவின் நல்ல சமாரியர் உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வளரும் நமக்கு, அந்த இருபது பேர் யாரென்று ஆய்வு வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

இத்தாலியில் ஏழை இளைஞர்களுக்காக இல்லங்கள் நடத்திய புனித தொன் போஸ்கோ 1884 மே 10 அன்று உரோமையிலிருந்து தம் தூரின் இல்லத்துக்கு எழுதிய கடிதம் இதே இடத்தைத்தான் தொடுகிறது. இளைஞர்களை அன்பு செய்தால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுகிறோம் என்பதை அவர்களே உணர வேண்டும் என்பது அதன் சாரம். அவர் கவலைப்பட்டது எதைக் கண்டு? விளையாட்டு நேரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளோடு கலப்பதை விட்டுவிட்டார்கள் என்பதைக் கண்டு. இடைவேளையில் ஆசிரியர் அறையில் நாம் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், யார் யாரோடும் சேராமல் சுவரோரம் நிற்கிறார்கள் என்பது மைதானத்தில் தெரியும். வருகைப் பதிவேட்டில் அந்தக் குழந்தை "வந்திருக்கிறது". பள்ளியிலோ அதற்கு ஒரு துணை இல்லை.

வேற்றுச் சமயப் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. உலகெங்கும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகளில் 6 கோடிக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். பல நாடுகளில் அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். 1965 அக்டோபர் 28 அன்று, உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருள் வசதியற்றோரையும், குடும்ப அரவணைப்பை இழந்தோரையும், கிறிஸ்தவ நம்பிக்கை என்னும் கொடையைப் பெறாதோரையும் சிறப்பாகக் குறிப்பிட்டு, அவர்களுடைய தேவைக்கு முன்னிடம் தரச் சொல்கிறது. திருப்பலி நேரத்தில் இப்பிள்ளைகளைத் தண்டனை பெற்றவர்களைப்போல ஒரு மூலையில் உட்கார வைக்கும் பள்ளி, தன் திருச்சபையின் சொல்லையே கேட்கவில்லை என்று பொருள்.

இனி, பேசுவதற்குக் கடினமான பகுதிக்கு வருகிறேன். 1980-களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், அந்நாட்டுக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மாணவரின் தேர்ச்சி குடும்பப் பின்னணியைச் சார்ந்திருப்பது அரசுப் பள்ளிகளைவிடக் குறைவு என்று வாதிட்டார். அங்கே எல்லா மாணவர்களுக்கும் கடினமான பாடங்களையே கொடுத்ததும், ஆசிரியரும் பெற்றோரும் ஒரே சமூகமாக இணைந்திருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதை மறுத்தவர்களும் உண்டு. மாணவரைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கவும், வேண்டாதவரை வெளியேற்றவும் வாய்ப்புள்ள பள்ளிகளின் மதிப்பெண்ணை எப்படி ஒப்பிடுவது என்று அவர்கள் கேட்டார்கள். அந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. புள்ளிவிவரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அந்த மறுப்பு நம் மனச்சான்றைக் கேட்கும் கேள்வியாகவே நிற்கிறது.

ஏனென்றால், நான் பார்த்திருக்கிறேன். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டு, நான்கு மாணவர்களின் பெற்றோரை அழைத்து, "இவனுக்கு வேறு பள்ளி பொருத்தமாக இருக்கும்" என்று மென்மையான குரலில் சொன்னார்கள். தேநீர் கொடுத்து, தோளைத் தொட்டுச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாயிலில் பதாகை கட்டினோம். கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்த நால்வரும் எங்கே படித்தார்கள், படித்தார்களா என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் படம் அதே வாயிலின் உட்சுவரில் மாட்டியிருந்தது.

இதில் தலைமையாசிரியர்களை மட்டும் குற்றஞ்சாட்ட மாட்டேன். சேர்க்கைக்கு முன் பெற்றோராகிய நீங்கள் முதலில் கேட்பதும் தேர்ச்சி விழுக்காட்டைத்தான். "பின்தங்கி வந்த பிள்ளைகளை எவ்வளவு தூரம் கொண்டு வருகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்ட பெற்றோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கத் தொடங்கினால், பள்ளிகள் அதற்கு விடை தயாரிக்கத் தொடங்கும்.

ஆகவே இந்த அமர்வில் தீர்மானங்கள் எதையும் நான் முன்மொழியப் போவதில்லை. ஒரே ஒரு வேலையைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பள்ளியிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுகளில் படிப்பை முடிக்காமல் விலகிப் போனவர்களின் பட்டியலை எடுங்கள். பதிவேட்டில் "பெற்றோரின் விருப்பம்" என்று எழுதியிருக்கும். அந்தக் குழந்தைக்குப் பாடம் நடத்திய ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உண்மையான காரணத்தை எழுதுங்கள். முடிந்தால் அந்த வீடுகளுக்குப் போய், பிள்ளை இப்போது என்ன செய்கிறது என்று கேளுங்கள். அடுத்த முறை நாம் கூடும்போது அந்தப் பட்டியல்களை இந்த மேசைமீது வைத்துப் பேசுவோம். நான்கு பெயர்களோடு என் பட்டியலை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.