பழைய அமெரிக்கச் சென்ட் காசும் ஏலக் கூடமும்

வணக்கம் நேயர்களே. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வீடுகளில் வழக்கம். பழைய அமெரிக்கச் செப்புக் காசில் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள். இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1793 முதல் 1857 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த செப்புச் சென்ட்டை, அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கான காசைத்தான், சேகரிப்பவர்கள் ‘பெரிய சென்ட்’ என்கிறார்கள். இன்றைய அமெரிக்கச் சென்ட் அதன் பக்கத்தில் குட்டி. முதல் வெளியீட்டின் பின்பக்கத்தில் 15 மாநிலங்களுக்காக 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. விடுதலை பெற்ற நாட்டின் காசில் சங்கிலியா என்று கேலி கிளம்ப, அதே ஆண்டில் இலை வளையமாக மாற்றிவிட்டார்கள். சங்கிலிச் சென்ட் வந்தது 36,103 தான். 2012-இல் அதில் ஒன்று 13 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது!

ஏலப் பட்டியலில் ஒவ்வொரு காசுக்கும் 1 முதல் 70 வரை ஒரு தர எண் இருக்கும். அதைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர், 1949-இல். 1794-ஆம் ஆண்டுச் சென்ட் அடையாளம் மட்டும் தெரியும்படி தேய்ந்திருந்தால் ஒரு டாலர், குறையே இல்லாவிட்டால் 70 டாலர். இதுதான் அவர் கணக்கு. விலைகள் எங்கேயோ போய்விட்டன, எண் மட்டும் நின்றுவிட்டது. சரி, அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன் மட்டமான காசுகளை வைத்துவிட்டார்! அவர் இறந்தது 1977-இல். விஷயம் அதற்கப்புறம்தான் வெளியே வந்தது. ஒரு காசின் கீறலும் புள்ளியும் இன்னொன்றில் இருக்காது. பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பிடித்தார்கள். அதற்குள் காசுகள் கைமாறியிருந்தன, வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அதனால்தான் சொல்கிறேன், எண்ணைப் பார்த்து ஏலம் கேட்காதீர்கள். முன்பு யாரிடம் இருந்தது என்று பாருங்கள். அப்புறம் நிறம். சாக்லேட் பழுப்பில் சீராக இருந்தால் நல்லது, ஆரஞ்சாக மினுங்கினால் சந்தேகப்படுங்கள். யாரோ தேய்த்திருக்கலாம். புளி கூடாது, மறந்துவிடாதீர்கள்!

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்ட விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, பல இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு. அதையும் சேர்த்தே உங்கள் உச்ச வரம்பை எழுதிக்கொண்டு போங்கள். அரைச் சென்ட் பற்றியும் பேச நினைத்தேன். போட்டி குறைவு, புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். வணக்கம்.